நானூற்றுப் பதினேழாம் சீசா

அக்டோபர் முதல் வாரம்
சீசாக்கள் தபாலில் வரத் தொடங்கும்.
வெள்ளை மூடி போட்டு நாங்கள் அனுப்பியதிலேயே
திரும்பி வரவேண்டும் என்பது விதி.
சிலர் கடுகுச் சாஸ் பாட்டிலில் அனுப்புவார்கள்.
ஒருவர் மட்டும் வருடம் தவறாமல்
துண்டுச் சீட்டு ஒட்டுவார்:
"டாக்டரம்மா, இது பீர் அல்ல."

நான் டாக்டர் இல்லை.
சிறுநீரில் மிதந்து வரும் செல்களைக்
கண்ணாடித் தகட்டில் பார்த்து
சரி, சந்தேகம், சரியில்லை
என்று மூன்றில் ஒன்றை எழுதுகிறவள்.

லாபே நதிக்கரைச் சாயத் தொழிற்சாலை
இப்போது இல்லை.
அந்த இடத்தில் குளியல் தொட்டி விற்கிறார்கள்.
கார் நிறுத்துமிடத்தின் மூலையில் மட்டும்
மழைக்கு மறுநாள் ஒரு குட்டை தேங்கும்,
வானத்தோடு ஒட்டாத நிறத்தில்.

அங்கே ஷிப்டுக்கு அரை லிட்டர் பால் கொடுத்தார்களாம்.
பால் விஷத்தை முறிக்கும் என்று
யாரோ ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார்.
பாதிப் பாலைப் பூனைகள் குடித்தன.
கலவைக் கூடத்து ஆட்களின் வியர்வை
தலையணை உறையில் ரோஜா நிறமாகப் பதியும்.
புது மாப்பிள்ளைகளை அதை வைத்துத்தான்
கேலி செய்வார்களாம்.

சாயம் வெளுத்துப்போச்சு என்கிறோம்,
ஏதோ ஒரே நாளில் வெளுப்பதுபோல.
இந்தச் சாயத்துக்கு அவசரமே கிடையாது.
வேலையை விட்ட பிறகும்
முப்பது வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.
தோட்டத்தில் செர்ரி நடுவதைப் பார்க்கும்.
மகளின் கல்யாணத்தில் ஓரமாக நிற்கும்.
பிறகு ஒரு காலை
கழிப்பறைப் பீங்கானில்
ஒரு சொட்டுச் சிவப்பு.

செல்லைக் கண்ணுக்குக் காட்டவும் சாயம்தான் வேண்டும்.
ஆரஞ்சு, நீலம், கொஞ்சம் பச்சை.
என் அலமாரியின் அடித்தட்டில்
காலி பாட்டில் ஒன்று இருக்கிறது,
அந்தத் தொழிற்சாலையின் முத்திரையோடு.
தூக்கிப் போட மனம் வந்ததில்லை.
வைத்துக்கொள்ளவும்தான்.

பட்டியலில் அறுநூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.
இப்போது நூற்று எழுபத்தொன்று.
போனவர்களைக் கணினி அடிப்பதில்லை,
சாம்பல் நிறமாக்கி வைக்கிறது.

நானூற்றுப் பதினேழு
ஓத்தகார் பேஷோவுட்.
கலவைக் கூடம், பதிமூன்று வருடம்.
பீர்ச் சீட்டுக்காரர் இவர்தான்.
இந்த அக்டோபரில் சீட்டு இல்லை.
வெள்ளை மூடி, விதிப்படி.
தேதி அழகான கையெழுத்தில்.

நுண்ணோக்கியில்
அகலமான தட்டைச் செல்கள்
கசங்கிய இதழ்களாக, தகடு முழுக்க.
இத்தனை ஓர் ஆணின் சீசாவில் வராது.
இது ஒரு பெண்.
தகட்டை நகர்த்தினேன்.
இதழ்களுக்கு நடுவே
கொத்தாக ஏழெட்டு,
உட்கரு வீங்கி, கன்னங்கறுப்பாக.

தொலைபேசியில் ஐந்தாவது மணிக்கு எடுத்தாள்.
"அவர் மார்ச்சிலேயே போய்விட்டார்.
உங்கள் சீசா மட்டும் வந்தது.
பதிமூன்று வருடம் அவர் உடுப்பைத் துவைத்தது நான்தான்,
கையால், தொட்டியில்;
மெஷினில் போட்டால் குழந்தைத் துணியெல்லாம் மஞ்சளாகிவிடும்.
என்னையும் சேர்க்கச் சொல்லி முன்பே கேட்டேன்.
கேட்டைத் தாண்டி உள்ளே போனவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள்."
கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.
"சீட்டு ஒட்டலாம் என்றுதான் பார்த்தேன்.
எனக்கு வேடிக்கை வராது."

கறுப்புக் கொத்தைப் பற்றி
அவளிடம் எப்படிச் சொன்னேன் என்பதை
இங்கே எழுதப் போவதில்லை.

படிவத்தில் பாலினம்: ஆண்,
முன்பே அச்சடித்தது.
முடிவு: சரியில்லை.
புது எண் கேட்டேன்.
பட்டியல் மூடப்பட்டது என்றது திரை.
பேனாவை எடுத்து
'ஆண்' என்பதை அடித்தேன்.
ஓத்தகாரை அடித்து
மேலே வ்லஸ்தா என்று எழுதினேன்.
பேஷோவுட்டை அடிக்கத் தேவையில்லை.
எங்கள் மொழியில்
கணவன் பெயரின் வாலில்
'ஓவா' என்று ஒட்டினால் போதும்,
மனைவி வந்துவிடுவாள்.

இடம் போதவில்லை.
கட்டத்துக்கு வெளியே எழுதினேன்.